உப்புக் காற்றில் ஓடும் கார்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டி முதல் சாயல்குடி வரை, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கரண்டு கோளாறு, ஐடிலிங் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடுவது) கோளாறு என்று தனித்தனியாகக் கேட்டிருந்தாலும் பாதிக்கு மேல் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

உச்சிப்புளி வாசகர்: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு நின்றால் ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கி வண்டி உதறுகிறது, லைட்டும் மங்குகிறது. பாம்பன் பாலத்தில் டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது இரண்டு முறை ஆஃப் ஆகிவிட்டது. புது பேட்டரி போட்டாச்சு, த்ராட்டில் பாடியும் (இன்ஜினுக்குள் காற்றை விடும் பகுதி) கழுவியாச்சு. இப்போது "இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும், விஷயம் தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது: லோடு ஏறும்போது மட்டும் கோளாறு, கூடவே லைட்டும் மங்குகிறது. இ.சி.எம். கெட்டால் ஹெட்லைட் ஏன் மங்கப்போகிறது? ஹெட்லைட் இரண்டும் 55 வாட் பல்பு என்றால் சுமார் 9 ஆம்பியர். கண்டென்சர் ஃபேன், உள்ளே புளோவர், கம்ப்ரஸர் கிளட்ச் எல்லாம் சேர்ந்தால் 40 ஆம்பியரை எளிதாகத் தொடும். போன கரண்டு அத்தனையும் பாடி வழியாக எர்த் ஒயரில் (பாடியையும் இன்ஜினையும் பேட்டரி மைனஸோடு சேர்க்கும் ஒயர்) ஏறித்தான், சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். அந்த எர்த் ஜாயிண்டில் துரு பிடித்து 0.02 ஓம் தடை வந்துவிட்டால் போதும், 40 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அப்போது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகிறது, காயிலில் பொறி குறைகிறது, த்ராட்டில் மோட்டார் சோர்கிறது. சென்சார்களின் எர்த்தும் அதே இடத்தில் இருந்தால் இ.சி.எம்.முக்கு வரும் கணக்கே தப்பாக வரும். ஸ்கேனரில் சம்பந்தமில்லாத சென்சாரின் கோளாறு எண் (கோடு) வருவது இப்படித்தான். புது பேட்டரி இதைத் தீர்க்காது, கோளாறு பேட்டரிக்கு வெளியே இருக்கிறது.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள்.

முதலில் இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பேட்டரியின் இரண்டு கம்பத்திலும் வைத்துப் பாருங்கள். 12.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. அந்த நிலையில் மற்ற சோதனைகள் செய்து பயனில்லை, சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள். அடுத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் பாருங்கள்: 13.8-லிருந்து 14.5-க்குள். ஏ.சி., ஹெட்லைட், புளோவர் மூன்றையும் முழுதாகப் போட்டாலும் 13.2-க்குக் கீழே போகக்கூடாது. போனால் பெல்ட் தளர்வா, ஆல்டர்னேட்டரா என்று பார்க்க வேண்டும்.

இனிதான் முக்கியமான சோதனை. எல்லா லோடும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்தில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈயக் கம்பத்திலேயே குத்துங்கள். மறுமுனையை ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கும் பிராக்கெட்டின் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அடுத்து அதே முனையைப் பாடியில் உள்ள போல்ட்டுக்கு மாற்றுங்கள், அங்கேயும் 0.1-க்குள். பிறகு இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே பாருங்கள். 0.3-க்கு மேல் போகக்கூடாது. இதேபோல் ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் நடுவே, லோடு ஓடும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். 0.5, 0.8 என்று எங்கே காட்டுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு.

ஓம் ஸ்கேலில் வைத்து "பீப் வருது, எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். நூறு இழை உள்ள கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். 40 ஆம்பியர் ஓடும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

எர்த் ஒயர் பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும்: பேட்டரி மைனஸிலிருந்து பக்கத்துப் பாடிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, இன்ஜின் ஹெட்டிலிருந்து பாடிக்கு ஒன்று. பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு லக்கையும் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) எடுத்து, லக்கின் இரண்டு பக்கத்தையும் அது உட்காரும் உலோகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு, மேலே கிரீஸ் தடவுங்கள். தடவிவிட்டு மாட்டக்கூடாது, மாட்டிவிட்டுத் தடவ வேண்டும். லக் பக்கத்தில் கேபிளை வளைத்துப் பாருங்கள். உள்ளே நறநறவென்றால் அல்லது உறைக்கு அடியில் பச்சைக் களிம்பு தெரிந்தால் தேய்ப்பது வீண். 16 சதுர மி.மீ. செப்புக் கேபிளில் லக் நசுக்கி, பசை உள்ள சுருங்கும் டியூப் போட்டுப் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள். செல்ஃபின் கரண்டு போகும் கேபிள் என்றால் பழையதன் தடிமனுக்குக் குறையாமல் எடுங்கள். ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் அங்கேயே அடித்துத் தருவார்கள்.

இன்னொன்று. த்ராட்டில் பாடி கழுவிய பிறகும் பேட்டரி கழற்றிய பிறகும் இ.சி.எம். பழைய ஐடில் அளவை மறந்துவிடும், அல்லது கழுவுவதற்கு முந்தைய அளவையே வைத்துக்கொண்டு தடுமாறும். பல கார்களில் இப்படிச் செய்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும்: சாவியை ஆன் செய்து 10 விநாடி விடுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள், பிறகு ஏ.சி. போட்டு 5 நிமிடம். சில கார்களுக்கு ஸ்கேனரில்தான் ரீசெட் செய்ய முடியும்.

மண்டபம் வாசகி: பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத நேரத்தில் வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றலாமா?

கூடாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, குடிக்கத் தோதாகக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலுள்ள குளோரைடு தட்டை அரிக்கும், இரும்பு இருந்தால் சும்மா நிற்கும்போதே சார்ஜ் இறங்கும். டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. வரை நின்றால் போதும். பேட்டரியில் மேல்கோடு இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது, குறைவது தண்ணீர் மட்டும்தான். ரேடியேட்டருக்கும் இதே பேச்சுதான்: ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் வெள்ளை பூத்துப் போகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

கீழக்கரை வாசகர்: வெளிநாட்டில் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம்தான் ஊரில் இருப்பேன். வாப்பா வாரம் ஒரு தடவை காரை ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் ஓடவிடுகிறார். இருந்தும் இரண்டு வருடத்துக்கு ஒரு பேட்டரி போகிறது. வந்து எடுத்தால் முதல் சில நாள் ஐடிலிங்கும் சரியில்லை. என்ன செய்வது?

வாப்பாவிடம் அந்த 5 நிமிடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கணக்கு உதைக்கிறது.

வண்டி பூட்டியிருந்தாலும் அலாரம், ரிமோட் ரிசீவர், ஸ்டீரியோ நினைவு, இ.சி.எம். எல்லாம் சேர்ந்து 30 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 40 என்று வைத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர், வாரத்துக்கு 7. சின்னக் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர்தான். செல்ஃப் அடிக்கச் செலவாவது மிகக் குறைவு. ஆனால் 5 நிமிட ஐடிலில் திரும்ப ஏறுவது ஒன்றரை ஆம்பியர்-அவர் இருந்தால் அதிகம். வாரம் 7 செலவு, வரவு ஒன்றரை: எந்தக் கடை தாங்கும்? பாதி சார்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழையபடி திரும்பாது. இன்ஜினும் முழுச் சூடு ஏறாமல் நின்றுவிடுவதால் சைலன்ஸரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேர்கிறது.

ஓட்டுவதற்கு ஆள் இருந்தால் வாரம் ஒருமுறை, ஏ.சி. இல்லாமல், 20-25 நிமிடம் ரோட்டில் ஓட்டட்டும். ஏர்வாடி வரை போய்வந்தால் சரியாக இருக்கும். ஆள் இல்லையென்றால் பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். இது 10 மி.மீ. ஸ்பானர் வேலை. கழற்றுவதற்கு முன் ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று பாருங்கள். டிக்கி மின்சாரத்தில் திறக்கும் வகை என்றால் ஜம்பர் கேபிளை டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், அப்புறம் திறக்க முடியாது. மைனஸைக் கழற்றினாலும் வெக்கையில் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாதம் ஒருமுறை சார்ஜரில் போட்டு 12.6-க்குக் கொண்டுவர வேண்டும். இதைவிட நல்லது, 13.5 வோல்ட் அளவில் தானாக நின்றுகொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர். ஷெட்டில் பிளக் பாயின்ட் இருந்தால் அதையே போட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் கசிவு ஏதாவது உண்டா என்பதையும் ஊரில் இருக்கும்போது பார்த்துவிடலாம். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே தொடராக மாட்டுங்கள். கதவு எல்லாம் மூடி, பூட்டி, 30-40 நிமிடம் விடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். முதல் நிமிடத்திலேயே 2 ஆம்பியர் என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அடங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்தால் இறங்குகிறதோ அந்த லைன். பின்னால் போட்ட ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, டிராக்கர் ஆகியவற்றில் முதலில் கை வையுங்கள். சோதனை நடக்கும்போது சாவி போடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

ஐடிலிங் விஷயம் பழைய பெட்ரோல். பல மாதம் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பங்கு போய்விடும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தையும் இழுக்கும். வந்ததும் 10 லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, அது தீரும்வரை ஓட்டிப் பாருங்கள். அதற்குள் யாரும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம்.

தொண்டி வாசகர்: மீன் லோடு அடிக்கும் குட்டி யானை. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது, பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் அணைகிறது. பல்பு, ஹோல்டர் மாற்றியாச்சு.

பின்விளக்கின் எர்த் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். எர்த் கிடைக்காத கரண்டு, பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கு எரிகிறது. ஒரு துண்டு ஒயரை எடுத்து, விளக்கின் எர்த் பின்னிலிருந்து சேஸிஸில் சுரண்டிய இடத்துக்குத் தொட்டுப் பாருங்கள். உடனே சரியாகிவிடும்.

ஆனால் பழைய எர்த் போல்ட்டையே தேய்த்து மாட்டினால் அடுத்த சீசனுக்குள் திரும்பி வரும். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் பின்பக்கம்தான் வடிகிறது. கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) அங்கேதான் தொங்குகிறது. 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனி எர்த் இழுத்து, தண்ணீர் படாத முன்பக்க சேஸிஸ் போல்ட்டிலோ பேட்டரி மைனஸிலோ கொடுங்கள். கப்ளரைத் தொட்டிக்கு அடியில் உயரமான இடத்தில் கட்டி, ஒயர் கீழே தொய்ந்து பிறகு மேலே ஏறுமாறு வளைத்துவிடுங்கள். தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், கப்ளருக்கு ஏறாது. ஒயரை வெட்டினால் செம்பு கறுப்பாக இருக்கிறதா? பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும் வேலை, அதை விட்டுவிடுங்கள்.

சாயல்குடி வாசகர்: பெட்ரோல் கார், 90,000 கி.மீ. ஓடியது. சூடேறிய பிறகு நிறுத்தினால் ஆர்.பி.எம். 900-க்கும் 1,600-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஸ்கேனரில் பி0507 வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் மாற்றச் சொல்கிறார்கள்.

ஆக்ஸிஜன் சென்சாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பி0507 என்றால் ஐடில் வேகம் வேண்டியதைவிட அதிகம் என்றுதான் அர்த்தம். எங்கிருந்தோ த்ராட்டிலைத் தாண்டிக் காற்று உள்ளே போகிறது. அந்த 'ஸ்ஸ்' சத்தமே சாட்சி.

ஏன் ஏறி இறங்குகிறது? திருட்டுக் காற்றால் ஆர்.பி.எம். ஏறுகிறது. கால் எடுத்த நிலையில் 1,600 இருப்பதைப் பார்த்த இ.சி.எம்., வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்துகிறது. 900-க்கு விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. இது மாறி மாறி நடக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் இப்படிக் கசிந்தால் கலவை மெலிந்து, பி0171 கோடு வரும். ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூவல் ட்ரிம் (இ.சி.எம். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் பிளஸ் 15, 20 என்று காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் சரியாகிவிடும். ஆனால் நம் ஊரின் பல சின்னக் கார்களில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். கசிவால் அழுத்தம் கூடியதும் அதற்கேற்ப இ.சி.எம். பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் ட்ரிம் ஒழுங்காக இருக்கும், ஐடில் மட்டும் ஏறும். "ட்ரிம் நல்லாயிருக்கு, கசிவு இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தேடும் வழி: இன்ஜின் ஓடும்போது, கை ஸ்ப்ரேயரில் வெறும் தண்ணீரை எடுத்து ரப்பர் குழாய் முனைகளிலும் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் பட்டதும் சத்தமோ ஆர்.பி.எம்.மோ மாறும். காயில், கப்ளர் பக்கம் வேண்டாம். சிலர் பெட்ரோல் அல்லது கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது தீ விபத்துக்கு வழி. அடுத்து, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயைத் துணி சுற்றிய பிளையரால் மெல்ல நசுக்குங்கள், ஐடில் இறங்கினால் கசிவு பூஸ்டரிலோ அதன் வால்விலோ இருக்கிறது. பிரேக் மிதி கல்லாக இருப்பதும் அதன் அறிகுறி. இன்ஜின் அடிப்பாகத்துக் (கிரேங்கேஸ்) காற்று வரும் பி.சி.வி. குழாயின் முழங்கை வளைவு வெக்கையில் வெடிப்பது அடிக்கடி நடக்கும், வெடிப்பு அடிப்பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவிலிருந்து வரும் பர்ஜ் வால்வின் குழாயைக் கழற்றி மேனிஃபோல்டு பக்கத்தை விரலால் அடையுங்கள். ஐடில் சரியானால் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் நல்லது என்றால் ஐடில் வால்வு. பழைய கார்களில் அது த்ராட்டில் பாடியில் தனி மோட்டாராக இருக்கும். கழற்றி, ஊசிமுனைக் கரியைத் த்ராட்டில் கிளீனரால் துடையுங்கள். ஊசியைக் கையால் இழுக்கவோ அமுக்கவோ வேண்டாம், உள்ளே திருகு கெட்டுவிடும். புதிய கார்களில் தனி வால்வு கிடையாது, த்ராட்டில் தகடேதான் அந்த வேலையைச் செய்கிறது. அதையும் சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: டாக்ஸி. தனுஷ்கோடிக்கு அடிக்கடி போய்வரும் வண்டி. பேட்டரி விளக்கு இரவில் பார்த்தால் லேசாக மின்னுகிறது. ஸ்டீரியோவில் ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப 'வீ' என்று சத்தம். இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை.

மூன்றும் ஒரே இடம்: ஆல்டர்னேட்டரின் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்). டயோடு கசிந்தால் ஓடும்போது சார்ஜில் அலை வரும், அதுதான் ஸ்டீரியோ சத்தம். நிற்கும்போது அதே டயோடு வழியாகப் பேட்டரி வடியும்.

மீட்டரை ஏ.சி. (மாறு மின்சார) வோல்ட்டுக்கு மாற்றுங்கள். முதலில் இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரியில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். மலிவு மீட்டர்கள் சில டி.சி.யையே ஏ.சி. என்று 20-க்கு மேல் காட்டும், அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது. பூஜ்யம் காட்டும் மீட்டர் என்றால், ஹெட்லைட் போட்டு 2,000 ஆர்.பி.எம்.மில் பாருங்கள். 0.1-க்குள் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் டயோடு போய்விட்டது. டயோடுகள் உள்ள ரெக்டிஃபையர் பிளேட் மட்டும் மாற்றலாம். திறந்த கையோடு கார்பன் பிரஷையும் பாருங்கள், 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பேரிங்கில் கரகரப்பு இருந்தால் அதையும்.

அரிச்சல்முனை வரை தார் ரோடு இருந்தாலும், காற்று அடிக்கும் நாளில் மணல் ரோட்டுக்கே வந்துவிடும். அந்த மணலும் உப்பும் ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய்த்தான் இந்த வேலையைச் செய்கின்றன. டூரிஸ்ட்டுகள் ஆசைப்பட்டாலும் அலையோரம் வண்டியை இறக்காதீர்கள். ரெகுலராகப் போகிறவர்கள் வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பு என்றால் கழுவாமல் இருப்பதே மேல். பிரஷர் வாஷை ஆல்டர்னேட்டருக்கும் ஃப்யூஸ் பெட்டிக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம்.

புதிய மாடல்களில் இ.சி.எம்.மே சார்ஜைக் கட்டுப்படுத்துகிறது. 12.6 முதல் 14.8 வரை மாறி மாறி வருவது அதில் சகஜம். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள்.

ஏர்வாடி வாசகர்: கப்ளர்களில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

அது ஈரத்தை விரட்டும், இறுகிய போல்ட்டை இளக்கும், அத்தோடு சரி. கப்ளருக்குக் கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக வருகிறது, அடித்தால் எதுவும் மிச்சமில்லாமல் உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகு சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலின் ஓரத்தில் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். பேட்டரி கம்பத்தில் பூத்த பொடியைக் கழுவ ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போதும், செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். காய்ந்த பிறகு வேஸலின்.

தேவிபட்டினம் வாசகர்: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஷெட் இல்லை. காருக்கு முழு கவர் போட்டு வைக்கிறோம். இருந்தும் பானெட்டுக்குள் எல்லாம் வெள்ளையாகப் பூக்கிறது.

கவர்தான் காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் கவருக்குள் இரவு ஈரம் இறங்கி, உப்போடு சேர்ந்து, பகல் வெக்கையில் வேகிறது. காற்றுப் போகும் துணிக் கவர் போடுங்கள், அதுவும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு. மழையில் நனைந்த கவரை அப்படியே விடக்கூடாது.

நிறுத்தும் திசையும் முக்கியம். உங்கள் பக்கம் பாக் விரிகுடா, ஐப்பசி தொடங்கி வாடை அடிக்கும் மாதங்களில் வடகிழக்கிலிருந்து நேராக உப்புச் சாரல் வரும். கிரில் வழியாக நுழைவது அதுதான். அந்த மாதங்களில் பானெட் தென்மேற்கைப் பார்க்கட்டும். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் இருப்பவர்களுக்கு இது நேர்மாறு, அவர்களுக்குத் தொல்லை கோடையில் வரும் தென்மேற்குக் காற்று. பானெட்டின் பின் ஓரத்து ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையில் சருகு அடைத்திருந்தால் எடுங்கள். அது அடைத்தால் மழைத் தண்ணீர் ஃப்யூஸ் பெட்டி பக்கம் வழிகிறது.

பெரியபட்டினம் வாசகர்: டீசல் கார், காலையில் ஐடிலில் ஆட்டம், கொஞ்சம் வெள்ளைப் புகை. குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பிளக்) மாற்றச் சொல்கிறார்கள்.

நம் ஊர் குளிருக்குக் குளோ பிளக் பெரிதாக வேலை செய்வதே இல்லை. கடைசியாகப் பாருங்கள். முதலில் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்புவது) கரியால் திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நாலு சின்னப் பாட்டிலில் விட்டு, 5 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுங்கள். இன்ஜின் ஓடும்போது இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்த வேண்டாம். காமன் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீறிட்டு வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.